அம்மா பன்றிக் கொட்டகையில் இருந்த அரைமணி நேரம்

அன்புள்ள வெஸ்லி அண்ணாவுக்கு,

மார்னி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், நாய் பிஸ்கட் நால்வரும் உடம்பளவில் நலம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கிடைத்த நேரத்தில் தூங்கி, குதிகால் கொப்புளம் ஆறி, யாரிடமும் அதிகம் திட்டு வாங்காமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் அம்மா எழுதுவதையே நானும் எழுதித் தொடங்குகிறேன், இந்த வாரக் கடிதம் என் பொறுப்பு என்று அம்மா சொல்லிவிட்டாள். உறைக்குள் மஞ்சள் தாளில் ஒரு கடிதம் இருக்கும், அதை நேற்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து எழுதினேன். சோயா நன்றாக வந்திருப்பது, பிஸ்கட் மறுபடியும் நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க் பூனையைத் துரத்திப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டது, அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி பிடிக்காதது, அதில் உள்ள எல்லாம் உண்மைதான். ஆனால் அதில் இல்லாததும் இருக்கிறது, அதற்காகத்தான் இந்த வெள்ளைத் தாள். இப்போது திங்கட்கிழமை இரவு, மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. என் அறையில் விளக்குப் போட்டால் கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும் என்று துணி அலமாரிக்குள் டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், உன் பழைய மழைக்கோட்டு முகத்தில் இடிக்கிறது. மஞ்சளை முதலில் படி. இதைத் தனியாக இருக்கும்போது படி. கடற்படை முகாமில் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பார்களா என்று தெரியவில்லை, பார்ப்பார்கள் என்றால் அவர்களுக்கும் என் வணக்கம், தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம்.

உன்னிடம் கைபேசி இருந்தால் இதை இரண்டு வரியில் கேட்டு முடித்திருப்பேன். பயிற்சி முடியும்வரை தபால்தான் என்கிறார்கள், தபால் வர ஐந்து நாள் ஆகிறது, இங்கேயோ நாளைக் காலை பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். ஆகவே உன்னிடம் யோசனை கேட்டுப் பயனில்லை. இருந்தாலும் கேட்கிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

அம்மா பள்ளி வாரியத் தேர்தலில் நிற்கிறாள் என்பது உனக்குத் தெரியும், நீ கிளம்பிய வாரம்தான் முடிவு செய்தாள். நிற்க விடுவார்களா என்பதே இப்போது சந்தேகம், அது உனக்குத் தெரியாது. நம் பள்ளியையும் ட்ரென்வில் பள்ளியையும் ஒன்றாக இணைக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. கூடவே கூடாது என்பது க்ரெய்க் ஹோம்லருடைய கட்சி, அவர்தான் இப்போது வாரியத் தலைவர், என் தோழி டெலேனியின் அப்பா. ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா இதைத் தவிர வேறு பேசுவதில்லை. “அறுபத்தோரு பிள்ளைங்களுக்கு ஒரு உயர்நிலைப் பள்ளி, அதுல வேதியியல் சொல்லிக் குடுக்க ஆள் இல்ல. திரையில ஒரு முகம் வந்து பேசிட்டுப் போகுது. நீ கையத் தூக்குனா அதுக்குத் தெரியுமாடி?” என்று கேட்டாள். தெரியும்மா, அங்கே ஒரு மணி அடிக்கும் என்று நான் சொன்னேன், அப்பா சிரித்தார், அம்மா சிரிக்கவில்லை. “எல்லாம் சரி, என் பொண்ணு ட்ரென்வில்காரன் பச்சைச் சட்டையப் போட்டுக்கிட்டு ஆடுறத நான் பாக்கணுமா?” என்றார் அப்பா. அவர் வேடிக்கைக்குச் சொன்னார். எனக்கு அது வேடிக்கையாக இல்லை அண்ணா. இந்த வருடம்தான் வாலிபால் முதல் அணியில் எடுத்திருக்கிறார்கள், உன்னுடைய ஏழாம் எண்தான் எனக்கும், ஊதாச் சட்டை வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அம்மா ஜெயித்தால் இரண்டு வருடத்தில் அந்தச் சட்டையே இருக்காது. அம்மா சொல்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனாலும் அம்மா தோற்றால் நன்றாயிருக்கும் என்று ஒரு நாள் நினைத்தேன். ஒரு நாள் இல்லை, சில நாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் மீதியைப் படித்தால் நீ என்னை நல்லவள் என்று நினைத்துவிடுவாய்.

நடந்தது இதுதான். நிற்பதற்கு இருபத்தைந்து வாக்காளர்கள் கையெழுத்து வேண்டும். அதை வாங்குகிறவர் பதினெட்டு வயது ஆனவராக இருக்க வேண்டும், கடைசியில் அவர் ஒரு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும், இத்தனை பேர் போட்டார்கள், ஒவ்வொருவரும் என் கண்முன்னே போட்டார்கள் என்று. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் பொய் சொன்னால் குற்றம் என்று அச்சடித்திருக்கிறது. அம்மா தாமதமாக முடிவெடுத்ததால் கடைசி நாள் வரை இழுத்துவிட்டது, கடைசி நாள் என்பது மாவட்டக் கண்காட்சியின் புதன்கிழமை, நான்கு மணிக்குத் தேர்தல் அலுவலகம் மூடிவிடும். தேவாலயத்தின் பழப்பணியாரக் கடைக்குப் பக்கத்தில் அம்மா எழுதும் அட்டையோடு நின்றாள், நான் கூட நின்றேன். நம் ஊர்க்காரர்களைப் பற்றி உனக்குத் தெரியாதா, முகத்துக்கு நேரே கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. க்ரெய்க்குக்கும் போடுவார்கள், அம்மாவுக்கும் போடுவார்கள், வாக்கு மட்டும் யாருக்கு என்று சொல்லமாட்டார்கள். மத்தியானம் இரண்டரைக்குள் இருபத்து மூன்று பேர் போட்டுவிட்டார்கள். அப்போது ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், கால்நடை மருத்துவமனைக்காரங்க யாராச்சும் இருந்தா பன்றிக் கொட்டகைக்கு வாங்க, ஒன்னு வெயில்ல விழுந்துருச்சு என்று. டாக்டர் ஊரில் இல்லை, அங்கே வேலை பார்க்கிறவள் என்று இருந்தது அம்மா மட்டும்தான். அட்டையை என் கையில் திணித்து “இதப் பிடிச்சுக்கோடி” என்று சொல்லிவிட்டு ஓடினாள். பிடித்துக்கொள் என்றாள், அவ்வளவுதான். யாரிடமும் வாங்கு என்றும் சொல்லவில்லை, வாங்காதே என்றும் சொல்லவில்லை. இதை நான் நூறு தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

முதலில் வந்தது நம் பழைய பேருந்து ஓட்டுநர் வெர்ல். ஒரு கையில் பீச் பணியாரம். “என்ன பாப்பா, நன்கொடையா?” என்றார். இல்லை, அம்மா வாரியத்துக்கு நிற்கிறாள் என்றேன். “உங்கம்மா நின்னா என்ன, உங்க பிஸ்கட் நின்னா என்ன, பேனாவக் குடு. பதினோரு வருஷம் உங்கண்ணன ஏத்தி இறக்கியிருக்கேன், ஒரு நாளாச்சும் நேரத்துக்கு வந்திருக்கானா?” என்று திட்டிக்கொண்டே போட்டார். அம்மா வரட்டும் என்று எப்படிச் சொல்வது? அதன் பிறகு ஹார்ட்ஸாக் தாத்தாவும் அவர் மனைவியும். அவர் எதுக்கு, எதுக்கு என்று படிக்கத் தொடங்கினார், பாட்டி “படிச்சுப் பாத்துப் போட நீ என்ன வக்கீலா? பிள்ள வெயில்ல நிக்குதுல்ல, போடு” என்று அதட்டினார். பணியாரக் கடை ஆல்டீன் கையைத் துடைக்காமலே போட்டார், அவர் பெயருக்குப் பக்கத்தில் செர்ரிச் சாறு ஒரு பொட்டு இருக்கிறது. தீயணைப்பு வண்டி நீல் போட்டார். ஆறாவது யார் தெரியுமா, க்ரெய்க் ஹோம்லரின் சொந்தத் தங்கை ரோண்டா. “அவனுக்கும் போட்டேன், உங்கம்மாவுக்கும் போடுறேன். சின்ன வயசுல என் சைக்கிள உடைச்சவன் அவன், உங்கம்மா என்னைய ஒன்னும் பண்ணல” என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பெரியவர்கள் வரிசையாக வந்து என்னிடம் பேசிப் போகிறார்கள், பேனா என் கையில். ஊதாச் சட்டை ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா திரும்பி வந்தபோது தலை முதல் கால் வரை ஈரம், நாற்றம், ஒரே சிரிப்பு. “பொழச்சிருச்சுடி! எந்திரிச்சு என்னையே முட்டுது, நன்றி கெட்ட கழுதை!” என்றாள். பன்றியைக் கழுதை என்று அவள் திட்டியதில் நானும் சிரித்தேன். அட்டையை வாங்கி விரலை மேலிருந்து கீழே ஓட்டி உதட்டுக்குள் எண்ணினாள். விரல் ஒரு இடத்தில் கொஞ்சம் நின்றதா? நின்றது போலத்தான் இருக்கிறது, ஆனால் அது அன்றைக்குப் பார்த்ததா, பின்னால் நானே சேர்த்துக்கொண்டதா என்று பிரிக்க முடியவில்லை. “எல்லாம் ஆச்சா?” என்று கேட்டாள். ஆச்சும்மா என்றேன். காரின் முன்மூடி மேல் தாளை வைத்து இருபத்தொன்பது என்று எழுதி உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டாள், தாளில் தண்ணீர் சொட்டியது, என் சட்டை நுனியால் ஒற்றினாள். அலுவலகத்தில் கொடுக்கும்போது மணி மூன்று ஐம்பது. அங்கே இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கினார்.

மறுநாளே அம்மா நன்றி அட்டை எழுத உட்கார்ந்துவிட்டாள், அவளைத்தான் தெரியுமே. கொடுக்குமுன் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்த மனுவைப் பார்த்து, கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை, ஒவ்வொன்றிலும் அவர்களுக்கென்று ஒரு தனி வரி, முழங்கால் வலியோடு வரிசையில் நின்றீர்கள், பேத்தி படம் காட்டினீர்கள் என்று. இரண்டு நாள் மேசை முழுக்க அதுதான். நான் கிட்டேயே போகவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு போட்டிக்குப் போகும் பேருந்தில் நான் அதைச் சொல்லிவிட்டேன். பன்றிக் கதையாகத்தான் சொன்னேன் அண்ணா, அம்மா பன்றிக்குத் தண்ணீர் பீய்ச்சின கதை, பன்றி எழுந்து முட்டின கதை, நடுவில் நான் ஆறு பேரிடம் கையெழுத்து வாங்கின கதை. எல்லோரும் சிரித்தார்கள். டெலேனி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். நான்கு நாளில் தேர்தல் அலுவலகத்திலிருந்து அம்மாவுக்குக் கடிதம் வந்தது, மனுவின் மேல் ஆட்சேபம், சில கையெழுத்துகள் வேட்பாளர் கண்முன் இடப்படவில்லை என்று தெரிகிறது, விசாரணைக்கு வரவும் என்று. கீழே க்ரெய்க் ஹோம்லர் பெயர். டெலேனியைப் பிடித்து ஏன்டி சொன்னாய் என்று கேட்டேன். “நீ ரகசியம்னு சொல்லவே இல்லியே” என்றாள். அது உண்மைதான், சொல்லவில்லை. “எங்கப்பாவுக்கு உங்கம்மா மேல கோவமே இல்லடி, விதின்னா விதியாம், அவ்ளோதான்” என்றும் சொன்னாள். அன்று சாயங்காலமே க்ரெய்க் நம் வீட்டு வாசலில் இரண்டு டஜன் இனிப்புச் சோளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், வருடா வருடம் வைப்பது போல. “வழக்கும் போட்டுட்டு சோளமும் குடுக்குறான்” என்று சொல்லிக்கொண்டே அப்பா அதை உள்ளே தூக்கி வந்தார். பிறகு வேகவைத்தோம், வெண்ணெய் தடவிச் சாப்பிட்டோம். நல்ல சோளம். கோபப்பட்டுத் தூக்கி எறியலாமா, நன்றி சொல்லலாமா என்று யாருக்கும் புரியவில்லை. எதிரே வண்டியில் போனால் க்ரெய்க் இன்னும் ஸ்டியரிங்கிலிருந்து வணக்கமாக விரலைத் தூக்குகிறார், முன்பு இரண்டு விரல், இப்போது ஒன்று என்கிறார் அப்பா. நான் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

இப்போது கணக்கு உனக்கே தெரியும். ஆறு போனால் இருபத்து மூன்றுதான், அம்மா பெயர் வாக்குச்சீட்டில் வராது. நாளைக்கு அம்மாவைச் சத்தியம் செய்யச் சொல்லிக் கேட்பார்கள், எல்லாம் உங்கள் கண்முன் போட்டதா என்று. ஆமாம் என்றால் அது பொய்ச் சத்தியம், ஆறு பேரில் ஒருவரைக் கூப்பிட்டு விசாரித்தாலும் மாட்டிக்கொள்வாள், அம்மாவைச் சிறையில் போடுவார்களா என்று பள்ளி நூலகத்தில் தேடிப் பார்த்தேன், படித்தது பாதி புரியவில்லை. இல்லை என்றால் இத்தனை நாள் அலைந்தது வீண், அதோடு முதலில் போட்ட உறுதிமொழி என்ன ஆகும்? நான் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் ஒன்று வந்து தடுக்கிறது, நான் சொன்னால் அம்மா விலக வேண்டும், அம்மா விலகினால் ஊதாச் சட்டை எனக்கே இருக்கும். அப்படியென்றால் நான் உண்மைக்காகச் சொல்கிறேனா, சட்டைக்காகச் சொல்கிறேனா? சொல்லாமல் இருந்தால் அது அம்மா மேல் உள்ள பாசமா, பயமா? பேருந்தில் வாய் தவறித்தான் சொன்னேனா? நீ இருந்தால் ரொம்ப யோசிக்காதே மண்டு என்று தலையில் தட்டுவாய். தட்டினால் தேவலை.

அம்மாவும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் குழப்பம். ஆட்சேபக் கடிதம் வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா ஒரு நாள் “யாருடி இந்தக் கதையக் கட்டிவிட்டது?” என்று என் பக்கம் திரும்பினார், அம்மா “அவளச் சாப்பிட விடுங்க” என்று பேச்சை முடித்துவிட்டாள். இன்று சாயங்காலம் நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நானும் நாளைக்கு வரட்டுமா என்று கேட்டேன். “எதுக்கு?” என்றாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நான் சும்மா என்றேன். “அப்ப பள்ளிக்கூடம் போ. அண்ணனுக்குக் கடிதம் எழுதினியே, தபால்ல போட்டியா? ஸ்டாம்பு சமையலறை இழுப்பறையில இருக்கு, நீயே எடுத்து ஒட்டு” என்றாள்.

சற்று முன்னால் அந்த ஸ்டாம்பை எடுக்கத்தான் சத்தமில்லாமல் கீழே போனேன். இழுப்பறையில் ஸ்டாம்புச் சுருளுக்கு அடியில் ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு. நன்றி அட்டைகள், ஆறு. உறைகளில் அம்மா கையெழுத்தில் விலாசம் எழுதியிருக்கிறது, வெர்ல், ஹார்ட்ஸாக் தாத்தா, அவர் மனைவி, ஆல்டீன், நீல், ரோண்டா. பிரித்துப் பார்த்தேன். அன்புள்ள வெர்ல், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அன்புள்ள ஆல்டீன், ஒன்றுமில்லை. ஆறிலும் அப்படியே. பார்க்காத ஒன்றுக்கு அம்மாவால் தனி வரி எழுத முடியவில்லை. அப்படியானால் அவளுக்குத் தெரியும். காரின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டபோதே தெரியுமா, மறுநாள் அட்டை எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்ததா? தெரிந்தும் ஏன் கேட்கவில்லை? என்னை இதற்குள் இழுக்க வேண்டாம் என்றா, நானாக வந்து சொல்லட்டும் என்றா? இந்த வாரக் கடிதத்தை என்னிடம் விட்டது நேரம் இல்லாமலா, நான் இந்த இழுப்பறையைத் திறக்க வேண்டும் என்றா? எதுவும் புரியவில்லை அண்ணா. அம்மாவும் என்னைப் போலவே பயந்துகொண்டிருக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. அம்மாக்கள் அப்படிப் பயப்படுவார்கள் என்று நான் நினைத்ததில்லை.

அந்த ஆறு அட்டைகளையும் மேலே எடுத்து வந்துவிட்டேன். இந்தத் தாளைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆறையும் எழுதி முடித்தேன், அதனால்தான் இங்கிருந்து மையின் நிறம் வேறு. முன்பு எழுதிய பேனா அதற்குள் அலமாரி இருட்டில் எங்கோ விழுந்துவிட்டது. வெர்லுக்கு, என் அண்ணன் ஒரு நாளும் நேரத்துக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஹார்ட்ஸாக் தாத்தாவுக்கு, அடுத்த முறை முழுவதும் படித்துவிட்டே போடுங்கள் என்று எழுதினேன். ரோண்டாவுக்குச் சைக்கிள் பற்றி எழுதினேன். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரே வரி, நீங்கள் என்னிடம் கையெழுத்திட்டுக் கொடுத்ததற்கு நன்றி, அம்மா அப்போது பன்றிக் கொட்டகையில் இருந்தாள். கீழே மார்னி வேர்காம்ப் என்று முழுப் பெயர். இவற்றைக் காபி இயந்திரத்தின் மேல் வைக்கப்போகிறேன், அம்மா ஐந்தரைக்கு எழுந்து முதலில் தொடுவது அதைத்தான். உறைகளை ஒட்டவில்லை. அவள் படித்துவிட்டு என்ன செய்வாள் என்று தெரியாது. பத்து மணிக்கு என்னையும் அழைத்துப் போவாளா, பள்ளிக்கூடம் போ என்பாளா, கை ஓங்குவாளா, கட்டிக்கொள்வாளா, எதற்கும் ஊதாச் சட்டையைப் போட்டுக்கொள்ளாமல் சாதாரணச் சட்டையில் தயாராக உட்கார்ந்திருக்கப்போகிறேன்.

இனி அம்மா முடிப்பது போல முடிக்கிறேன். சாக்ஸை ஈரத்தோடு போடாதே. பக்கத்துக் கட்டில்காரன் அழுதால் பார்க்காதது போல இரு, ஆனால் எழுந்து போய்விடாதே. கடவுள் உன் முதுகுக்குப் பின்னால் ஒரு கையும் தலைக்கு மேலே ஒரு கையும் வைத்துக் காக்கட்டும், தண்ணீரில் இருக்கும்போது இரண்டு கையும் வைக்கட்டும். மறக்காமல் ஒன்று. உனக்குப் பதினெட்டு ஆகிவிட்டதால் அக்டோபரில் வாக்குச்சீட்டு தபாலில் அங்கேயே வரும் என்று அம்மா சொல்லியிருந்தாள், என் பையன் முதல் ஓட்டை எனக்கே போடப்போகிறான் என்று கடையெல்லாம் பெருமை பேசினாள். பிரித்ததும் பள்ளி வாரியம் என்ற இடத்தைப் பார். அம்மா பெயர் இருந்தால் நீ யோசித்துப் போடு. இல்லாவிட்டால் அச்சுப்பிழை என்று நினைத்து யாரையும் விசாரிக்காதே. அது என்னால்தான்.

உன் அன்புத் தங்கை,
மார்னி